சுற்றிக் காட்டியவள்

"கோச் இருக்காங்க, உங்கப்பா இருக்கார், நீ இருக்கே, நான் இருக்கேன். வேற யாரும் இல்ல. மனசுல என்ன இருக்கோ கேளு, பிரியெல்," என்றாள் கெய்லின்.

பிரியெல் உடை மாற்றும் அறையில் வரிசையாக நின்ற அலமாரிகளையும் அவற்றின் மேல் இருந்த பெயர்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் கூடைப்பந்து சீசன் முடிந்துவிட்டது. இனி கல்லூரிக்குக் கல்லூரி ஆள் பிடிக்கிற சீசன். ஒரு காலத்தில் படிப்புச் செலவை மட்டும் ஏற்றுக்கொள்வார்கள். இப்போது சம்பளமும் உண்டு. யாரும் எங்கேயும் போகலாம்.

அமெரிக்காவின் தென்கோடியில் லூசியானா கல்லூரி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த பிரியெல்லை கோச் ஹாகன்தான் வடக்கே இங்கே வரவழைத்திருந்தாள். இன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் அவள் பழைய கல்லூரிக்கே திரும்பிவிடுவாள். அங்கே அவளுடைய இடத்தை இன்னும் அப்படியே வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு சிக்கல். பிரியெல் பாயிண்ட் கார்டு. கெய்லினும் பாயிண்ட் கார்டு. பந்தை எடுத்துப்போய் ஆட்டத்தை நடத்துகிற வேலைக்கு இரண்டு பேர் தேவையில்லை. கெய்லினுக்கோ கல்லூரியில் ஆட மிச்சமிருப்பது ஒரே வருஷம். தன் இடத்தைப் பிடிக்க வந்தவளுக்குத்தான் அவள் காலையிலிருந்து கல்லூரியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வெளிய பனி கொட்டுது. ஏப்ரல்ல!" என்றாள் பிரியெல்.

"தெற்கு டகோட்டாவுல இதுக்குப் பேரு வசந்த காலம். நல்லதா ஒரு கோட்டு வாங்கு, பழகிடும். அங்க எப்படி, வெயிலா?"

"மூச்சு விட்டாலே சட்டை நனைஞ்சிடும்."

"அப்புறம் எப்படி பிராக்டிஸ் பண்றீங்க?"

"ஜிம்முல ஏசி இருக்கு. அதுல ஒண்ணும் குறை சொல்ல முடியாது."

"வேற என்னதான் குறை?"

"எங்க கோச்சுக்கு எப்பவும் ஓட்டம்தான். பந்து கைக்கு வந்தா ஓடு, யோசிக்காதேன்னு கத்துவாங்க. எனக்கு நின்னு, பார்த்து, ஆடணும்."

"தப்பு பண்ணா வெளிய உக்கார வெச்சிடுவாங்களா?"

"சேச்சே. நாலு தடவை பந்தைக் கோட்டை விட்டாலும் திரும்ப உள்ள அனுப்புவாங்க. அந்த மனசு யாருக்கும் வராது."

கெய்லின் தலையாட்டிக்கொண்டாள். "இங்க கோச் ஹாகன் யோசிச்சாதான் ஆடவே விடுவாங்க. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்."

ஹாகன் முகத்தில் பல்பு எரிந்தது.

பிரியெல்லின் அப்பா பெர்சி ஒரு காகிதப் பெட்டியிலிருந்து பொரித்த ஆட்டுக்கறியைக் குத்திக் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கு. மிளகாய் போட மறந்துட்டாங்க."

"மறக்கல சார். எங்க ஊர்ல அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது."

பெர்சி சிரித்துவிட்டார். "வாயாடிதான் நீ. சரி, சம்பளம் ஒழுங்கா வருமா? கோச் சொல்ல வேணாம். வாங்கறவ நீ சொல்லு."

"தேதி தவறாது சார். அங்க எப்படி, இழுத்தடிப்பாங்களா?"

"அந்த விஷயத்துல அவங்க பத்தரை மாத்துத் தங்கம். பொய் சொல்லக் கூடாது."

"உனக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சுன்னு படிச்சேனே, அதை யார் பண்ணாங்க?" என்று பிரியெல்லைக் கேட்டாள் கெய்லின்.

"டீம் டாக்டரம்மாதான் பண்ணாங்க," என்று பிரியெல் முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டினாள். "பாரு, புதுசு மாதிரி இருக்கு."

கெய்லின் குனிந்து பார்த்தாள். "அருமை."

பிரியெல் காலை இறக்கினாள். "ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதே. நான் வந்தா நீ பெஞ்சுல. உனக்கோ இது கடைசி வருஷம். நியாயமாப் பார்த்தா நீ என்னை விரட்டி விடணும். ஏன் இந்தத் தாங்கு தாங்கறே?"

ஹாகன் தன் ஷூ லேஸைப் பார்த்தாள். இதே கேள்விக்கு பயந்துதான் அவள் ஒரு வாரமாகக் கெய்லினைத் தனியாகச் சந்திக்காமல் நழுவிக்கொண்டிருந்தாள்.

"உன் ஆட்டத்தை நான் நிறையப் பார்த்திருக்கேன்," என்றாள் கெய்லின். "இந்த டீமுக்கு நீதான் சரி. நீ வந்தா நான் தேய்ஞ்சு போயிட மாட்டேன். என் ஆட்டத்து மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. உனக்கு இருந்தா கையெழுத்தைப் போடு."

பிரியெல் அப்பாவைப் பார்த்தாள். அவர் வாய் நிறைய கறியோடு தலையசைத்தார்.

"கில்லாடிடீ நீ," என்று சொல்லிக் கெய்லினைக் கட்டிக்கொண்டாள் பிரியெல். பிறகு கோச் நீட்டிய டேப்லெட்டில் விரலால் கையெழுத்திட்டாள்.

அப்பாவும் மகளும் விமான நிலையத்துக்குக் கிளம்பிப் போனார்கள். அவர்களை வழியனுப்பிவிட்டு ஹாகன் திரும்பி வந்தபோது, கெய்லின் தன் அலமாரியைத் திறந்து ஷூக்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"நீ இல்லன்னா இது நடந்திருக்காதும்மா," என்றாள் ஹாகன். "உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். வாய் வரல. மேட்ச்சுக்கு அஞ்சு நிமிஷமாவது உன்னை இறக்கி விடறேன். சத்தியம்."

"அஞ்சு நிமிஷம் எனக்குப் பத்தாது, கோச்."

"அப்புறம் என்ன பண்ணப் போறே? இந்தப் பனியில பையைத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்டே?"

கெய்லின் ஜிப்பை இழுத்து மூடிப் பையைத் தோளில் மாட்டினாள்.

"லூசியானாவுக்கு, கோச். பிரியெல் இங்க கையெழுத்துப் போட்டா அங்க அவ இடம் எனக்குன்னு அந்த கோச் சொல்லியிருந்தாங்க," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போக, அவளுக்குப் பின்னால் கதவு தானாகவே சாத்திப் பூட்டிக்கொண்டது.