வியாழக்கிழமை வால்

கம்ப்யூட்டரில் அளவுகளைக் கணக்குப் போடும் வசீலாவுக்கு அலுத்துவிட்டது. நோயாளி ஹாஜி கத்தூருக்கு முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க, காலில் கருவியைக் கட்டி, ஓரான் நகர ஆஸ்பத்திரியில் வாரம் முழுக்க நடக்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு நாள் பதிவும் ஒவ்வொரு நீளம்; வியாழக்கிழமையுடையது மட்டும் மிக நீளம். எல்லா நாளுக்கும் சேர்த்துச் சராசரி போடச் சொன்னால், நீளம் ஒத்துவரவில்லை என்று புரோகிராம் முரண்டு பிடித்தது.

குட்டைப் பதிவுகளின் வாலில் பூஜ்யங்களை ஒட்டினாள். திரையில் சராசரிக் கோடு கடைசியில் படுத்துவிட்டது.

"மனுஷன் செத்தே போயிட்டார்னுல்ல காட்டுது! காலியிடத்தைக் கணக்குலயே சேர்க்காதே," என்றார் டாக்டர் பென்தாவூது.

அப்படியே செய்தாள். கோடு கடைசியில் துள்ளி ஏறியது.

"பாத்தியா, நடக்க நடக்க முட்டி தேறுது! ஆபரேஷன் வேண்டாம்னு எழுதிடறேன்."

"டாக்டர், அந்தக் கடைசித் துண்டுல வியாழக்கிழமை மட்டும்தான் இருக்கு. அதுக்குப் பேரு சராசரியா?"

"அன்னிக்கு உற்சாகமா நடந்திருப்பாரு, விடும்மா."

அப்போது ஹாஜி கைத்தடியை ஊன்றி ஊன்றி உள்ளே வந்து, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதே மகளே. வியாழக்கிழமை எங்க வீட்டுக் கல்யாணம். அவசரத்துல கருவியைக் கழட்டாமலே போயிட்டேன். பேத்தி அதைப் பிடுங்கித் தன் கால்ல கட்டிக்கிட்டு ஆடித் தீர்த்துட்டா. ஒண்ணும் கெட்டுப்போகலையே?"

டாக்டரின் பேனா பாதிக் கையெழுத்தில் நின்றது.

"அது கிடக்கட்டும்," என்றார் ஹாஜி, முட்டியைத் தடவிக்கொண்டே. "எனக்கு எப்ப ஆபரேஷன்?"