தலைவர் இல்லாத நாய்கள்

ஒரு தெருவில் இரண்டு நாய்க் கோஷ்டிகள் மூன்று நாளாக ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. நடுவில் மாட்டிய வெள்ளாட்டின் குட்டிக்குத் தொடை கிழிந்து, ரத்தம் நிற்கவே இல்லை. மாட்டாஸ்பத்திரி தெருக்கோடியில்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டில் ஒன்று, காதறுந்தான் என்ற நாயின் கோஷ்டி, வழியை மறித்து உட்கார்ந்திருந்தது.

அந்தப் பக்கம் சட்டம் படித்த ஆமை வந்தது.

“காயம்பட்டவர்களுக்கு வழிவிடணும்னு போர்ச் சட்டம் இருக்காமே, ஐயா! இவங்ககிட்ட எடுத்துச் சொல்லுங்களேன்” என்றது ஆடு.

“இருக்கிறதம்மா. ஆனால் இது போர்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். வெறும் தெருச்சண்டைக்கு அந்தச் சட்டம் செல்லாது.”

“பதினேழு பேர் செத்தாச்சு. என் பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டுப் போகுது. இன்னும் என்னத்தைப் பார்க்கணும்?”

“கட்டுப்பாடான படையா, தலைமை உண்டா என்று பார்க்கணும்.” ஆமை நாய்களிடம் திரும்பியது. “உங்கள் தலைவர் யார்?”

காதறுந்தான் ஒருமுறை குரைத்தான். முப்பது நாய்களும் வரிசையாக எழுந்து நின்று ஒரே குரலில் சொல்லின: “எங்களுக்குத் தலைவரே கிடையாது, ஐயா!”

“சும்மா காற்று வாங்க வந்த பசங்க” என்றான் காதறுந்தான், பணிவாக.

“கேட்டாயா? தலைமை இல்லை, ஆகவே போரும் இல்லை. நீ போலீஸ் நாயிடம் புகார் கொடு.”

“அது முந்தாநாளே ஓடிப்போச்சு!”

ஆமை கிளம்பியது. காதறுந்தான் முன்னங்காலைத் தூக்கினான். முப்பது நாய்களும் இருபுறமும் ஒதுங்கி வழிவிட்டன. குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஆடும் பின்னாலேயே போனது.

ஆமை கடந்ததும், ஆடு இன்னும் நடுவில் இருக்கையில், காதறுந்தான் தூக்கிய காலைக் கீழே வைத்தான்.