வால் தெரியுமா?

“வால் தெரியுமா?” என்று கேட்டார் ஆட்டுக்கிடைக்காரர் தோலோமுஷ்.

நரின் சந்தையில் துப்பாக்கிச் சாமான் விற்கும் எர்மெக், ஒரு மணி நேரமாக அவருக்கு ஸ்கோப் காட்டிக்கொண்டிருந்தான். எல்லாமே உடம்புச் சூட்டைப் பிடித்து இருட்டில் உருவம் காட்டுபவை.

“எண்பதாயிரம் சோமுக்குப் போன வருஷம் வாங்கினீங்களே, அதுல வெள்ளையா ஒரு பொட்டு தெரியும், அவ்வளவுதான். ஒண்ணரை லட்சத்துக்கு இதை எடுங்க. இருநூறு மீட்டர்ல நாலு காலையும் எண்ணலாம். ஓநாய்க்கு இது தாராளம், அண்ணே.”

“வால்?”

“வானம் தெளிவா இருந்தா தெரியும்.”

“லேசா பனிமூட்டம் இருந்தா?”

எர்மெக் பெருமூச்சு விட்டான். “அப்போ ரெண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்குத்தான் போகணும். நகரத்துல இருந்து வர்ற பணக்கார வேட்டைக்காரங்க வாங்கறது. உங்களுக்கு எதுக்கு?”

“அதையே எடு.”

அடுப்போரம் டீ குடித்துக்கொண்டிருந்த டாக்ஸிக்காரர் கசிபெக் சிரித்தார்.

“குளிர்காலக் கறிக்குன்னு கொழுக்க வச்ச ரெண்டு குதிரையையும் நேத்து வித்துட்டாராம். இனி வசந்தம் வரைக்கும் வீட்ல ரொட்டியும் டீயும்தான். அண்ணி சும்மாவா விட்டாங்க?”

“விடலை” என்றார் தோலோமுஷ்.

ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஆற்றுக்கு அக்கரையில் திரிந்த நாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரமே படவில்லை.

கசிபெக் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

“வால் வால்னு ஏன் உன் உயிரை வாங்கறாருன்னு புரியலையா? கிடை நாய்க்கு நாம குட்டியிலேயே வாலை நறுக்கிடறோம். வால் இருந்தா ஓநாய். இல்லேன்னா நாய். ஷார்ஷென்கிட்ட இன்னும் ஒரு நாய் மிச்சம் இருக்கே!”

எர்மெக்குக்குச் சுருக்கென்றது.

மேய்ச்சல் நிலத் தகராறில் பக்கத்துக் கிடைக்காரர் ஷார்ஷெனோடு தோலோமுஷுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. போன குளிர்காலத்தில் ஷார்ஷெனின் பெரிய நாயை இவர் சுட்டுக் கொன்றார். பகையில் செய்தது என்றுதான் ஊரே சொன்னது. இவர் வாயே திறக்கவில்லை. நாய்க்காக ஷார்ஷென் அழுததைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று அவர் துப்பாக்கியில் இருந்த எண்பதாயிரம் சோம் ஸ்கோப்பை விற்றவனும் எர்மெக்தான்.

“அண்ணே, அதைக் கீழ வைங்க. உங்களுக்கு நான் விக்கப்போறதில்லை.”

தோலோமுஷ் திரும்பினார். கண்ணுக்குக் கீழே கருவளையம். தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும்.

“இந்த மாசம் மட்டும் பதினோரு ஆடு போச்சு, தம்பி. சுடாம இருந்தா கிடையே காலி.”

“ஓநாயைச் சுடுங்க, யார் வேணாம்னாங்க? அதுக்கு ஒண்ணரை லட்சத்து ஸ்கோப்பே போதும்.”

“ஓநாய் ஷார்ஷென் பக்கமிருந்துதான் இறங்குது. அவன் நாயும் துரத்திக்கிட்டு அது கூடவே ஓடி வருது. ரெண்டும் ஒண்ணாத்தான் வருது.”

“வசதியாப் போச்சு!” என்றார் கசிபெக். “கூட்டத்துல நாய் எதுன்னு பார்த்துப் பொறுக்கி எடுக்கலாம்.”

எர்மெக் கையை நீட்டினான். “கொடுங்க அண்ணே. ஒரு வாயில்லா ஜீவனைக் கொல்றதுக்கு வீட்டுக் கறியையே வித்துட்டு வந்திருக்கீங்க. வெட்கமா இல்லையா?”

தோலோமுஷ் கோபப்படவில்லை. அதற்குக்கூட அவரிடம் தெம்பில்லை போலிருந்தது. ஸ்கோப்பை அவன் கையில் வைத்தார். ஆனால் பிடியை விடவில்லை.

“நாயைக் கொல்றதுக்குப் பழசே போதும், தம்பி. கொல்லாம இருக்கத்தான் இது.”