அரக்கனுக்குக் கிடைத்த குரல்

வீட்டில் பேசுகிறவர்களின் குரலையே பிடித்து மாயாஜால நாவல்களை நாடகமாகப் போடும் ரேடியோவைக் கொளஞ்சி முதல் நாளே நம்பவில்லை. அவர் பயந்தபடியே ஆயிற்று. எந்தக் கதை ஓடினாலும் அரக்கனுக்கு அவருடைய கரகரத்த குரல்தான். மூன்று வயதுப் பேத்தி நிறைமதி அவர் ஊட்டினால் சோற்றைத் துப்பினாள்.

"அந்தச் சனியன நிறுத்தித் தொலையேன்," என்றார் மருமகள் சுகந்தியிடம்.

"அது ஓடலன்னா புள்ள வாயே தொறக்க மாட்டா மாமா. வெறும் நாடகந்தானே."

"ஒனக்கு ராணி வேஷம். நீ சொல்லுவ."

ஒரு மாதம் பேசாதிருந்தால் ரேடியோ அந்தக் குரலை மறந்துவிடும் என்று கடைக்காரன் சொன்னான். அன்றிலிருந்து கொளஞ்சி வாயைத் திறக்கவில்லை. தண்ணீர்கூடச் சைகையில்தான் கேட்டார்.

முப்பத்தோராம் நாள் சாயங்காலம் அரக்கன் சுகந்தியின் குரலில் உறுமினான். நிறைமதி அலறிக்கொண்டு ஓடிவந்து தாத்தாவின் மடியில் ஏறிக்கொண்டாள்.

"தாத்தா, பயமாருக்கு. ஏதாச்சும் பேசு."

கொளஞ்சி வாயைத் திறந்தார். ரேடியோவைப் பார்த்தார். மூடிக்கொண்டு, அவள் முதுகை மட்டும் தடவினார்.

சோற்றுத் தட்டோடு வந்த சுகந்தி, தன்னைக் கண்டு பிள்ளை ஒடுங்குவதைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, சாப்பிடுகிறாயா என்று சைகையில் கேட்டாள்.