கெட்டிமேளத்துக்கு அடியில்

"மேளத்துக்கு அடியில யாரோ பேசுறாங்க, ஹேமா."

குமரகுரு தன் லினக்ஸ் லேப்டாப்பில், ஒலியைத் துல்லியமாக்கும் தீப்பெட்டி அளவு புது யுஎஸ்பி ஆடியோ கன்வெர்ட்டரை மாட்டி, முதல் வேலையாகத் தங்கள் கல்யாண வீடியோவை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தான். தாலி கட்டும்போது வேண்டாத சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் கொட்டுகிறார்கள். கன்வெர்ட்டருக்கு அது தெரியவில்லை. தவிலை ஒரு பக்கமும் நாதஸ்வரத்தை ஒரு பக்கமும் ஒதுக்கி, நடுவில் மணப்பெண்ணின் குரலை உட்காரவைத்தது.

"நீதான். 'அம்மா, இப்பகூட வேண்டாம்னு சொல்லலாமா'ன்னு கேக்கிற."

"காபியைச் சொல்லியிருப்பேன்."

"தாலி கட்டுறப்பவா? இரு, அத்தை என்ன பதில் சொல்றாங்கன்னு பார்ப்போம்." கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து, ஒலி இன்னும் தெளிவாகட்டும் என்று சாம்பிள் ரேட்டை ஏற்றினான்.

ஹேமா மாவுக் கையோடு வந்து ஹெட்போன் வயரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, பழையபடி லேப்டாப் ஸ்பீக்கர்லயே கேளுங்களேன்."