கொடுக்கிற மாதிரி நீட்டுங்க!

“அசையாதீங்க சார்! வளையத்தை டிரைவருகிட்ட நீட்டுங்க. ஆனா குடுத்துராதீங்க!”

தண்டவாளத்து ஓரம் ஒற்றை முட்டி போட்டு, கேமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு கத்தினான் லூர்துராஜ். ஸ்டேஷன் மாஸ்டர் மரியஅந்தோணி நீட்டிய கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார்.

அந்த வளையத்தில்தான் அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான அனுமதி இருக்கிறது. அது டிரைவர் கைக்குப் போகாமல் பாசஞ்சர் ஓர் அடிகூட நகராது.

லூர்துராஜுக்கு ஏற்காட்டு ஏரிக்கரையில் ஸ்டுடியோ. படகில் உட்கார்ந்த புதுமணத் தம்பதிகளைப் படம் பிடித்துச் சலித்துப்போனால், கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கிவிடுவான். வயசாகிப்போன டீசல் வண்டிகள் என்றால் அவனுக்கு உயிர். இந்தக் குறுகிய தண்டவாளம் போய் அகலப் பாதை வரப்போகிறது, இந்த எஞ்சின்கள் எல்லாம் சீக்கிரமே பழைய இரும்புக்குப் போய்விடும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவன் பைத்தியம் இன்னும் முற்றிவிட்டது.

போன வாரம் வந்தவன் மரியஅந்தோணிக்கும் தூண்டில் போட்டான். “ஏனுங்க சார், இத்தனை வருஷம் இந்த வண்டியோட மாரடிச்சீங்க. இது நின்னுபோச்சுன்னா எதுக்குப் பக்கத்துல நின்னு படம் எடுப்பீங்க?”

மீன் அப்போதே மாட்டிவிட்டது. ஆனாலும் இப்போது மரியஅந்தோணியின் கண் அடிக்கடி ஸ்டேஷன் கடிகாரத்துக்குப் போனது.

சேர்வராயன் மலையடிவாரத்துச் சின்ன ஸ்டேஷன்தான். ஆனால் அவருடைய கண்டிப்பு மலைமேல் தலைச்சோலை வரைக்கும் பிரசித்தம். கவுன்சிலர் கைகாட்டிக்கொண்டே ஓடிவந்தார், வண்டி போய்விட்டது. சொந்த மாமியாரே மூட்டையும் கையுமாக மூச்சிரைக்க ஓடிவந்தாள், அப்போதும் போய்விட்டது. டீ குடிக்க இறங்கிய ரயில்வே அதிகாரியே டம்ளரோடு பிளாட்பாரத்தில் நின்றுபோனார். தன்னால் வண்டி தாமதமானது என்ற பேச்சே இல்லாமல் ரிட்டயர் ஆகவேண்டும். அது ஒன்றுதான் அந்த மனுஷருக்கு ஆசை. இப்போது படமும் சேர்ந்துகொண்டது.

“தம்பி, சட்டுனு எடுங்க. நேரமாவுது.”

“மேகம் மறைக்குதுங்க சார். முகம் கருப்பா வுழுந்தா என்னையத்தான திட்டுவீங்க?” லூர்துராஜ் மலைப்பக்கம் அண்ணாந்து பார்த்தான். “வெளிச்சம் வந்துரும், இருங்க.”

எஞ்சினிலிருந்து டிரைவர் சின்னையன் எட்டிப் பார்த்தார். “தம்பி, நான் தலை சீவலீங்களே!”

“அதுக்கென்னங்க, சீவுங்க! அப்படியே மூஞ்சியையும் கழுவிட்டு வந்துருங்க. கன்னத்துல கிரீஸ் நொம்ப இருக்குது.”

சின்னையன் இறங்கிக் குழாயடிக்கு ஓடினார். மரியஅந்தோணி பல்லைக் கடித்தார். வண்டிக்குள் விஷயம் பரவி, ஜன்னலோரத்துப் பெண்கள் பவுடர் டப்பாவைத் தேட ஆரம்பித்தார்கள்.

கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பச்சைக்கொடியும் கோபமுமாக வந்தார். “என்ன சார் இது? வண்டிய நிறுத்திப்போட்டு சினிமாவா எடுக்கறீங்க?”

“கார்டு சார், நீங்க இல்லாம படமா? வாங்க, சாருக்குப் பக்கத்துல நில்லுங்க!”

கார்டின் கோபம் போன இடம் தெரியவில்லை. “இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” என்று தொப்பியைச் சரிசெய்தார்.

“யோவ், நீயுமா? தாமதத்துக்கு என்னத்தைன்னு பதில் சொல்றது?”

“விடுங்க சார். சின்னையன் வழியில இழுத்துப் புடிச்சுருவாரு.”

இதைக் கேட்டதும் மரியஅந்தோணிக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. மலைமேல் நாகலூரில் இருக்கும் தாய்வீட்டுக்கு முந்தாநாள் புறப்படும்போது, மனைவி இன்பமேரி கேட்காமலே வெள்ளை யூனிபாரத்தை மொடமொடவென்று இஸ்திரி போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதுவும் நல்லதாய்ப் போயிற்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

சின்னையன் முகம் பளபளக்க மேலே ஏறினார். கை மறுபடி நீண்டது. வளையம் நடுவில் நின்றது.

“சார், சிரிங்க. அவ்வளவு வேண்டாம். கார்டு சார், வயித்தை உள்ள இழுங்க. டிரைவரண்ணே, வளையத்தைத் தொடாதீங்க, தொடப்போற மாதிரி இருங்க!”

அப்போது ஸ்டேஷனுக்கு வெளியே ஏற்காட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. யார் யாரோ தடதடவென்று ஓடிவரும் சத்தம். ஏதோ ஒரு தூக்குச்சட்டி பிளாட்பாரத்தில் உருண்டது. குழந்தை ஒன்று வீறிட்டது.

மரியஅந்தோணிக்குக் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

“திரும்பாதீங்க சார்! கேமராவையே பாருங்க! மூச்சு விட்டாக்கூடப் படம் ஆடிப்போவும்!”

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் கதவுகள் அடித்துக்கொண்டன. எந்தச் சோம்பேறிக் கூட்டமோ தெரியவில்லை, இன்று அவர்களுக்கு யோகம். மற்ற நாளாக இருந்தால் வண்டியின் புகையைத்தான் பார்த்திருப்பார்கள் என்று மனசுக்குள் கறுவினார்.

லூர்துராஜ் ஒருவழியாகக் கேமராவின் பொத்தானைத் தட்டினான். “பிரமாதமுங்க சார்!”

ஆனால் அவன் பார்வை அவர்மேல் இல்லை. பெட்டிகளின் பக்கம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான்.

நடுப்பெட்டி ஜன்னலில் இன்பமேரியின் தலை நீண்டது. பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் செபமாலையோடு அவருடைய மாமியார்.

“லூர்து தம்பி, போதுமுங்க! அம்மா, தங்கச்சி, கொழந்தைக அத்தனை பேரும் ஏறியாச்சு. இனி உங்க சாரை அந்த வளையத்தைக் குடுக்கச் சொல்லுங்க, வேளாங்கண்ணிக்கு நேரமாவுது!”