மூன்று இறப்பர் சதுரங்கள்

"இன்னும் அந்தப் பைதகரஸ்தானா, றம்ஸியா? சோறு ஆறுது" என்றான் ஹிஷாம். ருவான்வெல்லை பஸாரில் இறப்பர் சீட் வாங்கி விற்பவன்.

தங்கை கொப்பியிலிருந்து நிமிரவில்லை.

"சூத்திரம் மனப்பாடம், நானா. அது என்ன சொல்லுதுன்னுதான் வெளங்கல்ல. நேத்து வகுப்புல இந்தக் கேள்விக்கு ஏச்சுத்தான் கெடச்சது. நாளைக்கு எப்படியும் பதில் சொல்லணும்."

ஹிஷாம் படத்தைப் பார்த்தான். செங்கோண முக்கோணம், அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சதுரம்.

"எனக்குக் கணக்கு வராது. தராசுல நிறுத்துப் பார்ப்பமே."

அவளைத் தன் கடைக்கு அழைத்துப் போய், ஒரே இறப்பர் சீட்டிலிருந்து மூன்று சதுரங்களையும் அளந்து வெட்டினான். சின்னது இரண்டையும் ஒரு தட்டில் வைத்தான், பெரியதை மற்றத் தட்டில் வைத்தான். தராசு முள் ஆடி ஆடி நடுவில் நின்றது.

"அல்லாஹ்! ரெண்டும் சேர்ந்தா அந்த ஒண்டுட அளவு!" றம்ஸியா கத்தியே விட்டாள். உடனே முகம் வாடியது.

"ஏன், இப்ப வெளங்கிட்டுதானே?"

"ஆறு வருஷமா இதப் படிச்சிக் குடுக்குறேன், நானா. நேத்து, தோட்டத்துல இறப்பர் பால் வெட்டுற காத்தமுத்துட மகள் எழும்பி, 'இது என்ன சொல்லுது டீச்சர்?'னு கேட்டா. பேசாம எழுதுன்னு ஏசிட்டேன்."

தராசைக் கழற்றி, மூன்று சதுரங்களோடு பையில் வைத்தாள்.

"நாளைக்கு இத அவட கையிலதான் குடுக்கணும்."